பாலத்துத் தூணும் முட்டிக்கால் மூட்டும்

"லெகோ பொம்மை மாதிரி துண்டு துண்டா கொண்டு வந்து பாலம் கட்டுறாங்களாமே, பூகம்பம் வந்தா பிரிஞ்சுக்காதா?" நான் சிவில் படிக்க விமானம் ஏறினேன்னு தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் மெயிலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என்னோட ஆராய்ச்சியே கிட்டத்தட்ட அதைச் சுத்தித்தான் ஓடுது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்தருள்க.

முதல்ல, எதுக்கு இந்த முன்வார்ப்பு வம்பு? சைட்ல சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகற வரைக்கும் காத்திருந்தா, கீழே இருக்கிற சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு நெடுஞ்சாலையை ஒரு நாள் மூடினாலே ஊர் ஸ்தம்பிச்சுடும். தொழிற்சாலையில் தூணை வார்த்து லாரியில் கொண்டு வந்து கிரேனில் நிறுத்தினா, அந்த வேலை சில நாளில் முடியுது. சைட்ல ஆட்கள் வண்டிகளுக்கு நடுவே நிக்க வேண்டிய நேரமும் குறையுது.

சிக்கல் எங்கேன்னா, பூகம்பத்தில் தரை பக்கவாட்டில் ஆடுது, மேல இருக்கிற பாரம் வர மாட்டேன்னு அடம் பிடிக்குது. நடுவில் மாட்டிக்கிட்ட தூண் வளையுது. அதிகமா வளையறது ரெண்டே இடம்தான்: அடித்தளத்தைத் தொடுற கால் பகுதி, மேலே குறுக்கு உத்திரத்தைத் தொடுற தலைப் பகுதி. முன்வார்ப்புத் தூணில் துண்டுகளை இணைக்க வேண்டிய இடமும் அச்சு அசலா அதே ரெண்டுதான்! எங்கே அடி விழுமோ அங்கேயே ஒட்டுப் போட வேண்டிய நிலைமை.

இணைப்பு சரியில்லைன்னா என்ன ஆகும்? 1989 அக்டோபர் 17, லோமா பிரியேட்டா நிலநடுக்கம். ஓக்லண்டில் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல் தளம் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு கீழ்த் தளத்து மேல விழுந்தது. 42 பேர் செத்துப் போனாங்க. அது முன்வார்ப்பு இல்லை, சைட்லயே வார்த்த பாலம்தான். ஆனா முதலில் விட்டுக் கொடுத்தது மேல் தளத்துத் தூண்கள் கீழ்ச் சட்டத்தோடு சேருற மூட்டுப் பகுதி. அங்கே போதுமான ரிங் கம்பி இல்லை. ஒரே வார்ப்பா கட்டினதுக்கே இந்தக் கதின்னா, துண்டு போட்டுக் கட்டறப்போ வயித்தைக் கலக்குமா கலக்காதா? நிலநடுக்கப் பகுதிகளில் முன்வார்ப்புத் தூண் பரவ இவ்வளவு காலம் எடுத்ததுக்கு இந்தப் பயம்தான் காரணம்.

இருக்கிற வழிகளில் ரொம்பப் பிரபலம், கிரவுட் ஊத்தின குழாய் இணைப்பு. அடித்தளத்திலிருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பிகள், தூணுக்குள்ள புதைச்ச இரும்புக் குழாய்களுக்குள் போகும். இடைவெளியில் வலுவான சிமெண்ட் கலவையைச் செலுத்துவாங்க. கம்பி பிடுங்கிக்காது, நல்லாவே பிடிக்கும். ஆனா ஒரு வேடிக்கை இருக்கு. குழாய் இருக்கிற பகுதி தூணின் மத்த பகுதியை விட விறைப்பு. காலில் மாவுக்கட்டு போட்டா முட்டி வளைய முடியாம, வளைவெல்லாம் கட்டு முடியற இடத்துக்குப் போகுமில்லையா, அதே கதை. மொத்த நீட்சியும் குழாய்க்கு வெளியே இருக்கிற கொஞ்சூண்டு கம்பியில் வந்து குவியுது. அது சீக்கிரம் அறுந்துடுது. யூட்டா பல்கலைக்கழகச் சோதனைகள் இதைத்தான் காட்டின. குழாயைத் தூணில் வைக்காம அடித்தளத்துக்குள்ள இறக்கினாலோ, கம்பியில் கொஞ்ச நீளத்தைக் கான்கிரீட்டோட ஒட்டாம விட்டாலோ நிலைமை தேறுது. என்னோட மனக்குறை வேற: உள்ளே கலவை முழுசா நிரம்பிச்சான்னு வெளியே நின்னு பார்த்தா தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போற அவசரத்தில் யாராவது பாதியில் விட்டா அதோ கதிதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் வேற மாதிரி யோசிச்சாங்க. நிறைய சின்னக் கம்பிகளை நிறைய துளைகளில் நுழைக்கறதுக்குப் பதிலா, சுமார் 57 மி.மீ. தடிமனுள்ள சில கம்பிகள், 200 மி.மீ. அளவுக்குப் பெரிய நெளிவுக் குழாய்கள். கிரேன்காரர் கொஞ்சம் அப்படி இப்படி இறக்கினாலும் உள்ளே போயிடும். இது தலைப் பக்கத்துக்கு. கால் பக்கம் அதை விட எளிமை: தோண்டின குழியில் தூணை நிறுத்தி, சுத்தி கம்பி கட்டி, அடித்தளத்தை அங்கேயே வார்த்துட வேண்டியது. தூணிலிருந்து அடித்தளத்துக்கு ஒரு கம்பி கூடப் போகாது! தூணின் அடிப்பகுதியை மட்டும் சொரசொரப்பா, ரம்பப் பல் மாதிரி வார்ப்பாங்க. கொடிக்கம்பம் நடுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தப்போ சேதம் எங்கே வரணுமோ அங்கே, தூணில் மட்டும் வந்தது. போதுமான தடிமன் இருந்த அடித்தளம் அசையவே இல்லை. ரொம்ப மெலிசா செஞ்ச ஒண்ணில் மட்டும் தூண் துளைச்சுக்கிட்டு இறங்கப் பார்த்தது. கிராண்ட் மவுண்ட் ஊர்ப் பக்கம் நிஜப் பாலத்திலேயே இந்த முறையைப் போட்டாச்சு. என் ஓட்டு இதுக்குத்தான். சாதாரண மேஸ்திரிக்கும் புரியற இணைப்பு.

இருந்தாலும் ஒரு குறை பாக்கி. மேல சொன்னதெல்லாம் பாலத்தை விழாம காப்பாத்தும், ஆனா அடி வாங்கிய பிறகு தூண் கோணலா நிக்கலாம். 1995 கோபே நிலநடுக்கத்தில் விழாம தப்பின நூறுக்கும் மேற்பட்ட தூண்களை, ஒரு டிகிரிக்கு மேல சாய்ஞ்சுட்டுதுன்னு இடிச்சுத் தள்ளினாங்க. ஒரே ஒரு டிகிரிங்க! ஆம்புலன்ஸ் போக வேண்டிய நேரத்தில் 'பாலம் மூடப்பட்டுள்ளது' பலகை தொங்கினா யாருக்கு என்ன லாபம்?

இங்கேதான் ஒட்டாத இணைப்பு வருது. தூணை அடித்தளத்து மேல சும்மா உக்கார வெச்சு, நடுவில் இழுத்துக் கட்டின எஃகு வடம் போடறது. வடம் கான்கிரீட்டோட ஒட்டியிருக்காது. ஆட்டம் வந்தா தூண் ஒரு ஓரத்தில் லேசா எழும்பும், இடைவெளி திறக்கும், வடமும் பாரமும் சேர்ந்து திரும்ப நேரா இழுத்து உக்கார வைக்கும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஞாபகம் வருதா? காரணம் வேற, பலன் அதேதான். ஆனா இது மட்டும் இருந்தா ஆட்டம் அடங்க நேரமாகும். அதனால, இழுபட்டு ஆற்றலைத் தின்னுறதுக்குன்னே தனியா மென் எஃகுத் துண்டுகளைச் சேர்க்கறாங்க.

தூணை எழும்ப விடற யோசனை புதுசில்லை. நியூசிலாந்தில் 1981-ல் திறந்த தெற்கு ராங்கிடிகி ரயில் பாலத்தோட உசரமான தூண்கள் அப்படித்தான் கால் மாத்தி வைக்கும், உள்ளே எஃகுத் தணிப்பான்கள் முறுக்கிக்கிட்டு ஆற்றலை வாங்கிக்கும். கிரைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தாங்க. அதே ஊரில் 2016-ல் திறந்த விக்ரம்-மக்டாலா பாலத்துத் தூண்களில் இந்த வடம், தணிப்பான் கூட்டணியைப் போட்டிருக்காங்க. எஃகு வடம் துருப்பிடிக்காம பல பத்தாண்டு எப்படிக் காப்பாத்தறதுங்கறது தனித் தலைவலி, மழை நாட்டில் இன்னும் பெரிய தலைவலி. ஆனா தணிப்பான்கள் தூணுக்கு வெளியே மாட்டியிருக்கு. பெரிய ஆட்டத்துக்கு அப்புறம் ஆள் போய்ப் பார்த்து, நைஞ்சதைக் கழட்டிப் புதுசு மாட்டிட்டு வந்துடலாம்.