கலாநிதிப் பட்டத்துக்குப் பின்

"பட்டம் பெற்றாயிற்று, இனி உத்தியோகந்தானே?" என்று தந்தையார் கேட்கிறார். "இல்லை அப்பா, இன்னும் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யவேண்டும்" என்கிறாள் மகள். "இன்னும் படிப்பா?" என்று தாயார் கலங்குகிறார். விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றோர் பலரின் இல்லங்களில் இவ்வுரையாடல் நிகழ்கிறது.

தாயாரின் கலக்கத்துக்கு முதலில் விடை கூறுவோம். இது படிப்பன்று, தொழில். கட்டணம் செலுத்தவேண்டியதில்லை, ஆராய்ச்சியாளருக்கே வேதனமோ உதவித்தொகையோ கிடைக்கும். ஆயினும் நிரந்தர உத்தியோகமுமன்று. பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் முடிவடைவது. இதனைக் குடும்பத்தார் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இவ்விடங்கள் இருவகைப்படும். ஒருவகை, பேராசிரியர் தமது ஆராய்ச்சிக்கென்று பெற்ற நிதியிலிருந்து சம்பளம் வழங்குவது. இவற்றுக்கான விளம்பரங்கள் 'நேச்சர்', 'சயன்ஸ்' போன்ற சஞ்சிகைகளில் வெளிவரும். மற்றது, விண்ணப்பதாரரே புலமைப்பரிசில் பெற்றுச் செல்வது. 1953 இல் மீண்டும் நிறுவப்பெற்ற ஜேர்மனியின் அலெக்சாண்டர் பொன் ஹம்போல்ட் நிறுவனம் இத்தகைய பரிசில்களை வழங்குகிறது. விண்ணப்பிக்குமுன் ஜேர்மனியிலுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். யப்பானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் பரிசிலுக்கும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரே வாயில். ஆகவே, எவ்வழியிற் சென்றாலும் முதற்படி ஒரு கடிதமே.

கடிதத்தின் வலிமைக்குச் சான்றொன்று உண்டு. 1924 ஆம் ஆண்டு டாக்காப் பல்கலைக்கழகத்திலிருந்த சத்தியேந்திரநாத் போஸ், தாம் எழுதிய சிறு கட்டுரையொன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். போஸிடம் கலாநிதிப் பட்டம் இல்லை, பரிந்துரைப்பாரும் இல்லை. ஐன்ஸ்டைன் அக்கட்டுரையைத் தாமே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவர் எழுதிய பாராட்டு அட்டையைக் காட்டியே போஸ் ஐரோப்பா செல்வதற்கு விடுமுறை பெற்றார். அவர் கேட்டது தயவன்று. தமது வேலையைக் காட்டினார்.

இன்று மின்னஞ்சல் எழுதுவோருக்கும் பாடம் இதுவே. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவோர் பதிலின்றி மனமுடைவர். ஒரு பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டு மூன்றை ஊன்றிப் படியுங்கள். அவற்றுள் விடைகாணாத வினா எது, அதற்கு உங்கள் பயிற்சி எவ்வாறு உதவும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலையும், உங்களை நன்கறிந்த இருவர் மூவரின் பெயர்களையும் இணையுங்கள். பட்டம் கைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னரே இம்முயற்சியைத் தொடங்குங்கள். பரிசில்களுக்குக் கால எல்லை உண்டு. ஹம்போல்ட் பரிசிலின் இளம் ஆராய்ச்சியாளர் பிரிவுக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் நோக்காதீர்கள். அந்த ஆய்வுகூடத்தில் முன்னர் பணிபுரிந்தோரை விசாரியுங்கள். அவர்கள் இன்று எங்கிருக்கின்றனர் என்பதே பேராசிரியரின் தகுதிப் பத்திரம். "இடம் எடுத்துத் தருகிறோம்" என்று பணம் கேட்போரை அணுகவே வேண்டா.

பெற்றோருக்கு ஒரு சொல்: பதில் வராத மாதங்களில் "இன்னும் கிடைக்கவில்லையா?" என்று நாள்தோறும் கேளாதீர்கள். "இன்று யாருடைய கட்டுரையைப் படித்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை மறுநாளும் எழுத உட்காருவதற்கு அவ்வொரு கேள்வியே போதும்.