காற்றும் குளிரும் காற்பந்தும்

காற்பந்தாட்டத்தில் அணிக்குப் பதினொருவர் என்று நாம் கற்றிருக்கிறோம். ஆனால், அழையாமலே மைதானத்துக்குள் நுழைந்து, சில வேளை இந்த அணிக்கும் சில வேளை அந்த அணிக்கும் ஆடுபவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் காற்று. ஆடிக்காற்றுக்கு அம்மி நகருமோ நகராதோ, கெடிலக் கரையிலுள்ள நம் திருவதிகைப் பக்கத்துத் திடல்களில் பந்து நகரும்!

விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; எடையோ 410 முதல் 450 கிராம்தான். உருவம் பெரிது, கனம் குறைவு. ஆகவே காற்றுக்கு அது நல்ல விளையாட்டுப் பொருள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தையொட்டி வளரும் என்பது இயற்பியல் பாடம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் உதைத்த பந்தை 36 கி.மீ. எதிர்காற்று சந்தித்தால், பந்துக்கு அது 108 கி.மீ. காற்றாகிவிடுகிறது, தடை ஏறத்தாழ இரண்டே கால் மடங்கு. அதே காற்று முதுகுப்பக்கம் வீசினாலோ தடை கால் பங்காகச் சுருங்கும். ஒரே உதை, ஒரே பந்து, எவ்வளவு வேறுபாடு!

இங்கிலாந்தில் 2012 ஜனவரி 4 அன்று எவர்ட்டன் அணியின் கோல் கீப்பர் டிம் ஹோவர்ட் தம் கோல் பக்கமிருந்து உதைத்த பந்து, காற்றேறிப் பறந்து, எதிரே போல்ட்டன் கீப்பரின் தலைக்கு மேல் துள்ளி வலைக்குள் விழுந்தது. அவர் அதைக் கொண்டாடவில்லை. எதிரே நின்ற கீப்பரின் துயரம் இன்னொரு கீப்பருக்குத்தானே தெரியும்! 2013இல் ஸ்டோக் அணியின் பெகோவிச் ஆட்டம் தொடங்கிய 13 வினாடிகளில் 91.9 மீட்டர் தொலைவிலிருந்து கோல் அடித்தார். 2021இல் நியூபோர்ட் அணியின் டாம் கிங் 96.01 மீட்டராக்கி அதை முந்தினார்.

இதற்கு நேர்மாறாக, கோல் கிக் அடித்த பந்தைக் காற்று திருப்பிக்கொண்டு வந்து அடித்தவரின் வலைக்குள்ளேயே போட்டுவிட்டால்? கோல் இல்லை; எதிரணிக்குக் கார்னர் கிக் மட்டுமே.

நாணயம் சுண்டி வென்ற அணித்தலைவி எந்தப் பக்கம் கேட்பது என்பது பெரிய கேள்வி. முதற்பாதியில் காற்றோடு ஆடவே பலரும் விரும்புவர். பின்னர் காற்று ஓய்ந்துவிட்டால் லாபம். ஆயினும் காற்று கூடவே இருப்பதால் நீளமாக உதைத்து உதைத்துப் பந்தை வெளியே அனுப்பும் அணிகளே மிகுதி. எதிர்காற்றில் தரையோடு தரையாகக் குறும் பாஸ் கொடுத்து ஆடுவோர்தாம் அழகாக ஆடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி, குளிர். நம் மார்கழிக் காலைகள் கம்பளி தேடுமளவுக்குக் கொடியவை அல்ல. ஆனால் நம் நாட்டிலேயே ஸ்ரீநகரில், ரியல் காஷ்மீர் அணி 2019 பிப்ரவரியில் ஆடவேண்டிய ஒரு போட்டி பனிப்பொழிவினால் தள்ளிவைக்கப்பட்டது. பந்துக்கும் குளிர் எடுக்கும்! 30 டிகிரி வெப்பத்தில் 0.7 வளிமண்டல அழுத்தத்துக்குக் காற்றடைத்த பந்து, வேறெதுவும் மாறாமல் 0 டிகிரிக்குச் சென்றால் அழுத்தம் சுமார் 0.53 ஆகும். விதி கேட்பதோ குறைந்தது 0.6. பந்து சோர்ந்து, துள்ளல் குறைந்து போகும்.

உடலின் கதை இன்னும் முக்கியமானது. குளிரில் தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. தசைகள் மெதுவாகச் சுருங்குகின்றன. திடீரென ஓடினால் தொடைத் தசை கிழியக்கூடும். காற்றும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு: 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் உடம்புக்கு அது 0 டிகிரி போலவே தோன்றும்.

நம் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடியவர். நாளை நம் மாணவியரும் வடநாட்டுக் குளிர்காலப் போட்டிகளுக்குச் செல்லக்கூடும். அங்கு சேர்ந்ததும் பந்தின் அழுத்தத்தை மறுபடி அளக்கவேண்டும். கால் மணி நேரம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றியபின்பே ஆட்டத்தில் இறங்கவேண்டும். வெளியே காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் மேலங்கியைக் கழற்றாமல் இருக்கட்டும். கோல் கீப்பரோ, பந்து மறுகோடியில் இருக்கும்போதும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கட்டும். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.