எரு வண்டியில் ஏறிய ஆசிரியர்!

ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். நியூயார்க் ராஜ்யத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். வருஷந்தோறும் அன்று அங்கே ஊர்வலம் நடக்கும். அலங்கார வண்டிகள் வரும். ஜனங்கள் தெருவின் இரு மருங்கிலும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த வருஷத்து ஊர்வலம் விசித்திரமானது. முதலில் ஒரு புத்தகத்தின் மேலட்டை, பெரிதாக வரையப்பட்டு வந்தது. அதன் பின்னால் சில மோட்டார் கார்கள். உள்ளே முகமூடி அணிந்த மனிதர்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. அவை அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அல்ல. அந்தப் புத்தகத்தில் அவர்களுக்குச் சூட்டப்பட்டிருந்த கற்பனைப் பெயர்கள்! கடைசியில் வந்தது, வயலுக்கு எரு இறைக்கும் வண்டி. அது நிறையத் தொழு உரம். அந்த உரத்தின் மேல் குனிந்தபடி ஓர் உருவ பொம்மை. அதுதான் "ஆசிரியர்"!

பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் இருந்தது ஓர் ஊரின் மனவருத்தம். "நம்பிப் பேசினோம், நம்மை அச்சில் ஏற்றிவிட்டார்களே!" என்ற வருத்தம். மனிதரைப் பற்றி மனிதர் செய்யும் ஆராய்ச்சியில் இன்றும் தீராத ஒரு வழக்கு அது.

வீட்டில் ஒருவராக...

புத்தகம் 1958-ம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர்கள் ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள். ஊருக்கு அவர்கள் வைத்த புனைபெயர் "ஸ்பிரிங்டேல்". உண்மைப் பெயர் பிற்பாடு பலருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும், இந்தக் கட்டுரையில் அதைச் சொல்வது நியாயமாகாது.

கார்னெல் சர்வகலாசாலை அந்த ஊரைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தது. அதற்காக ஊரிலேயே தங்கி வேலை பார்க்க நியமிக்கப்பட்டவர் விடிச். இரண்டரை வருஷ காலம் அங்கே குடியிருந்தார். கேள்வித்தாளை நீட்டி, "ஆம், இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது ஒரு முறை. ஊரோடு ஊராக இருந்து, பேசுவதைக் கேட்டு, நடப்பதைக் கவனித்து, இரவில் குறிப்பு எழுதுவது இன்னொரு முறை. எண்ணிக்கையால் அகப்படாத விஷயங்கள் இந்த இரண்டாவது முறையில்தான் அகப்படும். யார் யாருக்கு அடங்கியவர், எந்தக் காரியம் எந்த வீட்டுத் திண்ணையில் முடிவாகிறது என்பதைக் கேள்வித்தாள் சொல்லுமா?

விடிச்சுக்கு அப்படிப்பட்ட விஷயங்கள் நிறைய அகப்பட்டன. "எங்கள் ஊரை நாங்களே ஆளுகிறோம். பட்டணத்தாரின் தயவு எங்களுக்கு வேண்டியதில்லை" என்பது ஊர்க்காரர்களின் பெருமை. ஆனால் பாலுக்கு விலை வைப்பது வெளியார். சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வருவது வெளியிலிருந்து. ஊருக்குள்ளும் தேர்தல் நடந்தது, சபை கூடியது என்பதெல்லாம் மேலுக்குத்தான். ஆலைச் சொந்தக்காரர், பத்திரிகை ஆசிரியர், வக்கீல் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் முன்கூட்டியே பேசி முடித்ததுதான் சபையில் தீர்மானம் ஆயிற்று. இதற்குக் "கண்ணுக்குத் தெரியாத சர்க்கார்" என்று புத்தகம் பெயர் வைத்தது.

கொடுத்த வாக்கு

இதில் சிக்கல் எங்கே வந்தது?

ஆராய்ச்சி ஆரம்பமானபோதே ஊராருக்கு ஒரு வாக்குறுதி தரப்பட்டிருந்தது. தனி மனிதர் எவரையும் அடையாளம் தெரியும்படி எழுத மாட்டோம் என்பதே அது. அந்த வாக்கை நம்பித்தான் ஜனங்கள் கதவைத் திறந்தார்கள், வாயையும் திறந்தார்கள்.

புத்தகத்தில் உண்மைப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் என்ன? சின்ன ஊரில் ஆலைச் சொந்தக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? "ஆலைக்காரர்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால், வெளியூர்க்காரருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ, அவர்களுக்கல்லவா அது முதலில் தெரிகிறது!

கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததும் ஆராய்ச்சியின் தலைவர் யூரி பிரான்பென்பிரென்னர் ஆட்சேபித்தார். தனி மனிதரைக் காட்டும் பகுதிகளை நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்பது அவர் கட்சி. விடிச் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரின் அதிகாரம் சிலர் கையில் இருக்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. அந்தச் சிலரைப் பற்றிச் சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். அந்த வாக்குறுதியைக் கொடுத்தபோது, அதனால் என்ன கட்டுப்பாடு வரும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றும் வாதாடினார். பென்ஸ்மனோ கார்னெல் ஆராய்ச்சியில் சம்பந்தப்படாதவர்.

அறிஞர்கள் பத்திரிகை ஒன்றில் இந்தச் சர்ச்சையைப் பகிரங்கமாகக் கிளப்பியவர் வில்லியம் புட் ஒயிட். அவரும் கார்னெல் ஆசிரியரே. பாஸ்டன் நகரத் தெருமுனை இளைஞர்களோடு பழகி 1943-ல் புகழ் பெற்ற நூல் எழுதியவர். ஸ்தாபனம் கொடுத்த வாக்கு அதன் ஊழியரைக் கட்டுப்படுத்துமா? எழுதி வைத்த குறிப்புகள் யாருக்குச் சொந்தம்? ஜனங்கள் மனம் நோகும் என்பதற்காக உண்மையை மூடி வைக்கலாமா? இவையே அன்று எழுந்த கேள்விகள்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஊர்ப் பெரிய மனிதர் சொல்வதை மட்டும் எழுதினால் அது ஆராய்ச்சி அல்ல, விளம்பரம். அதே சமயம், வாக்குக் கொடுத்து வாங்கிய பேச்சை வாக்கை மீறி வெளியிட்டால், அடுத்து வருகிறவருக்கு அந்த ஊரில் கதவு திறக்குமா?

அயர்லாந்தில் ஒரு கிராமம்

இது ஓர் ஊரோடு முடிந்த கதை அல்ல. 1974-ல் நான்சி ஷெப்பர் ஹ்யூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, கணவர் குழந்தைகளுடன் அயர்லாந்தின் கெர்ரி பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போனார். மனநோய் அங்கே ஏன் அதிகமாகத் தென்படுகிறது என்று ஆராய்வது நோக்கம். நிலத்தைக் காப்பதற்காகக் கல்யாணம் இன்றி வீட்டோடு தங்கிவிட்ட ஆண்மக்களின் தனிமையையும், குடும்பங்களின் உள் விவகாரங்களையும் கண்டு எழுதினார். 1979-ல் புத்தகம் வந்தது. அறிஞர் உலகம் மெச்சியது; விருதும் கிடைத்தது.

ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் "பாலிபிரான்". ஆனால் பத்திரிகை நிருபர் ஒருவர், புத்தகத்தில் இருந்த விவரங்களையே துப்பாக வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். ஊராரும் புத்தகத்தைப் படித்தார்கள். யார் சொன்னது எது என்று அவர்களுக்கா தெரியாது? இரண்டு ஆட்களின் விவரங்களைக் கலந்து ஓர் ஆளாக எழுதியிருந்தாலும், பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

1999-ம் ஆண்டில் அந்த அம்மையார் பழைய சினேகிதர்களைக் காணத் திரும்பிச் சென்றார். வரவேற்பு கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போய்விடும்படி சொல்லப்பட்டார். கால் நூற்றாண்டு ஆகியும் காயம் ஆறவில்லை!

அவர் செய்த ஒரு நல்ல காரியம், இந்த அவமானத்தை மறைக்காமல் எழுதியதுதான். புனைபெயர் யாரையும் காப்பாற்றவில்லை. மாறாக, எழுதுகிறவருக்கே அசட்டுத் துணிச்சலைக் கொடுத்துவிடுகிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். பெயர் சொல்லி எழுதுவதாக இருந்தால் வார்த்தையை அளந்து போட்டிருப்போம் அல்லவா? ஊரின் குறைகளைக் கண்ட அளவுக்கு அதன் நிறைகளை எழுதவில்லை என்பதும் அவருடைய வருத்தம்.

ஊசிக்கு ஒரு விதி, பேச்சுக்கு?

மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துமுன் அவர் சம்மதத்தைப் பெற வேண்டும் என்ற விதி, பெரும்பாலும் வைத்தியத் துறையின் கொடுமைகளிலிருந்து பிறந்தது. நாஜி வைத்தியர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947-ல் பத்து விதிகளை வகுத்தது. முதல் விதியே சுயேச்சையான சம்மதம்தான்.

அந்த விதி பிறந்த பின்னும் அமெரிக்காவிலேயே ஓர் அநியாயம் தொடர்ந்தது. அலபாமாவின் டஸ்கீகி வட்டாரத்தில் சுமார் 600 கறுப்பு இனத்தவரை வைத்து அரசாங்கச் சுகாதார இலாகா 1932 முதல் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேக நோய். "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். பென்சிலின் வந்து, அதுவே சரியான மருந்து என்று ஆன பிறகும் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1972-ல் பத்திரிகைகளில் அம்பலமான பிறகே அது நின்றது. 1974-ல் சட்டம் வந்தது. 1979-ல் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கை மூன்று தர்மங்களைச் சொன்னது: மனிதரை மதித்தல், நன்மை நாடல், நீதி. ஆராய்ச்சிக்கு முன் ஒரு குழுவின் அனுமதி பெறும் வழக்கமும் வேரூன்றியது.

ஊசி போடுவதற்கு இந்த விதி கச்சிதமாகப் பொருந்தும். என்ன மருந்து, என்ன ஆபத்து என்று முன்னதாகவே சொல்லிவிடலாம். ஆனால் பேச்சு அப்படியா? தறியைப் பற்றி விசாரிக்கப் போகிறார் ஒருவர். நெசவாளி தறியில் ஆரம்பித்துக் கடனுக்கு வருகிறார். கடனிலிருந்து மகள் கல்யாணத்துக்கு வருகிறார். கண்ணில் நீர் வருகிறது. காலையில் அவர் போட்ட கையெழுத்து, மாலையில் அவர் சிந்திய கண்ணீருக்கும் சேர்த்தா?

ஆகையால்தான் இத்தகைய ஆராய்ச்சியில் சம்மதம் என்பது ஒரு நாள் சடங்கு அல்ல என்று இப்போது சொல்லுகிறார்கள். பழகப் பழக, விஷயம் மாற மாற, "இதை எழுதலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். முடிந்தால் எழுதியதைப் படித்தும் காட்ட வேண்டும்.

தஞ்சைச் சீமையிலும்...

நம் ஊர்களுக்கும் இப்படி விருந்தாளிகள் வந்ததுண்டு. தஞ்சை ஜில்லாவில் 1950-களின் தொடக்கத்தில் காத்லீன் கஃப் அம்மையார் ஆராய்ந்த கிராமத்துக்கு அவர் இட்ட பெயர் "கும்பபேட்டை". ஆந்த்ரே பெத்தேல் 1965-ல் வெளியிட்ட நூலில் வரும் தஞ்சைக் கிராமம் "ஸ்ரீபுரம்". இரண்டும் புனைபெயர்களே. பெத்தேல் தங்கியது அக்ரகாரத்தில். அதனால் சேரியில் சகஜமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். எந்த வீட்டில் தங்குகிறோமோ, அந்த வீட்டுச் சாளரத்தின் வழியாகத்தானே ஊர் தெரியும்!

நம் நாட்டில் வேறொரு சங்கடமும் உண்டு. மணியக்காரர் தலையசைத்தால் ஊரே சம்மதித்ததாக எண்ணிவிடுவது வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதை ஏற்கவில்லை. ஊர்த் தலைவரின் அனுமதி ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் ஈடாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவருக்குப் புரியும் பாஷையில் விளக்கி, பாரபட்சமற்ற ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டுப் பெற வேண்டும். வீட்டுக்காரர் எதிரில் நிற்கும்போது மருமகள் சொல்லும் "சரி" எவ்வளவு தூரம் சரி என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நாளைக்கே உங்கள் வீட்டு வாசலுக்கு நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் வரலாம். ஒலிப்பதிவுக் கருவி கையில் இருக்கலாம். விரட்டிவிடாதீர்கள். நாட்டின் நிலையை அறிய இப்படிப்பட்டவர்களும் தேவை. மோரைக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பிறகு நான்கு கேள்வி கேளுங்கள். "எதற்காக இந்த ஆராய்ச்சி? நான் சொல்வது யார் கண்ணில் படும்? என் பெயரை மறைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுகொள்வாரா? நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் அடித்துவிடுவீர்களா?" நேர்மையானவர் இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுவார், பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்பார்.

நோட்டுப் புத்தகம் ஏந்திப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதி முடித்த பக்கத்தை அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஜனங்கள் நடுவில், உரக்கப் படிக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கோபம் வரலாம். உண்மைக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் "வாக்குத் தவறினாயே!" என்று அவர்கள் சொல்ல இடம் இருக்கக் கூடாது. அதற்கு இடம் வைக்காதவரை எந்த ஊரும் எரு வண்டியில் ஏற்றாது.