பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்போம்

ஆடித்தபசு வந்துவிட்டால் சங்கரன்கோவில் முழுவதும் விழாக்கோலம் பூண்டுவிடும். அரியும் அரனும் ஓருருவாகிக் கோமதியம்மனுக்குக் காட்சி தந்ததைக் கொண்டாடும் திருவிழா இது. திருவிழா என்றால் மைக் செட் உண்டு. மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. கூட்டத்தில் நின்று கச்சேரி கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பாஸ் கிட்டாரின் நாதம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் அதிர்வதுபோல் தோன்றும்.

சில வேளைகளில் பாட்டின் நடுவே ஒரு கரகரப்புக் கேட்கும். தொடர்ந்து கருகிய வாடை வரும். மேடையோரம் நிற்கும் பெட்டிகளுள் ஒன்று ஊமையாகிவிடும். கூட்டத்தினர் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார்கள். கடன் வாங்கிப் பெட்டி வாங்கிய ரேடியோ செட்காரருக்கோ அந்தப் பருவத்தின் வருமானமே போயிருக்கும். விதியை நொந்து பயனில்லை. சிறு கணக்கு ஒன்றைப் போட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். அந்தக் கணக்கை இங்கே காண்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பீக்கரை நாம் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிபயர். ஆகவே இக்கட்டுரையில் ஆம்ப்ளிபயரைப் 'பெருக்கி' என்றும், மற்றதை 'ஸ்பீக்கர்' என்றும் குறிப்போம்.

ஸ்பீக்கர் ஏன் கருகுகிறது?

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலார் உருவாக்கிய அமைப்பே இன்றைய ஸ்பீக்கர்களுக்கும் அடிப்படை. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் தொங்குகிறது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அசைக்கிறது. அதுவே ஒலி.

இதில் வியப்பு என்னவென்றால், சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால், ஒலியாக வெளிவருவது சில வாட் மட்டுமே. எஞ்சிய அனைத்தும் சுருளில் வெப்பமாகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சுருளுக்குள் ஒரு சால்டரிங் அயனையே வைத்ததுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். வெப்பம் மிகுந்தால் கம்பியின் காப்புப்பூச்சும் பசையும் கருகும். பெட்டியின் மேல் எழுதியுள்ள வாட் அளவு பெரும்பாலும் இந்த வெப்பத்தைத் தாங்கும் வரம்பையே குறிக்கிறது.

பாஸ் ஒலிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே ஒலியளவைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். துளையுள்ள பெட்டியில், பெட்டிக்கென அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கூம்புக்குக் காற்றின் பிடிப்புக் குறைந்துவிடும். அப்போது அது கட்டின்றித் துள்ளி, சுருள் இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடும். கூம்பு கிழியவும் கூடும். 200 வாட் தாங்கும் பெட்டியை இவ்வாறு அதைவிடக் குறைந்த வாட்டிலேயே உடைத்துவிடலாம்.

ஓம் கணக்கு

ஸ்பீக்கரில் 8 ஓம், 4 ஓம் என்று எழுதியிருப்பது அதன் மின்னெதிர்ப்பு. இது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். எழுதியிருப்பது ஒரு பொது மதிப்பே. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். அதைக் கண்டு பழுது என்று எண்ண வேண்டாம்.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் பெருக்கியை எடுத்துக்கொள்வோம். அப்போது மின்னழுத்தம் சுமார் 28 வோல்ட். மின்னோட்டம் சுமார் 3.5 ஆம்பியர். இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம்; மின்னோட்டம் 7 ஆம்பியர். நான்கு பெட்டிகளானால் 2 ஓம். பெருக்கியிடம் நாம் கேட்பது 14 ஆம்பியர்! பெருக்கியின் பின்புறம் 'குறைந்தது 4 ஓம்' என்று அச்சிட்டிருந்தால் அதன் டிரான்சிஸ்டர்கள் இதைத் தாங்கா. அதே நான்கு பெட்டிகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொடர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மீண்டும் 8 ஓம் கிடைக்கும், பெருக்கி பிழைத்துக்கொள்ளும்.

வெவ்வேறு பெட்டிகளைச் சேர்க்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 8 ஓம், 200 வாட் பெட்டி ஒன்று. 4 ஓம், 100 வாட் பெட்டி ஒன்று. இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 300 வாட் தாங்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. ஆகவே 4 ஓம் பெட்டி மற்றதைப்போல் இரு மடங்கு திறனை இழுக்கும். அது தன் எல்லையான 100 வாட்டை எட்டும்போது பெரிய பெட்டிக்குச் செல்வது 50 வாட்டே. ஆக, இச்சோடியின் உண்மையான எல்லை 150 வாட். 300 வாட்டை நம்பிக் குமிழைத் திருகினால் முதலில் சாவது சிறிய பெட்டி.

எந்த வாட்?

பெட்டியின் மேல் 'தொடர் திறன் 200, நிகழ்ச்சித் திறன் 400, உச்சத் திறன் 800' என மூன்று எண்கள் இருக்கலாம். மூன்றும் ஒரே ஸ்பீக்கரைப் பற்றியவையே. நம் கணக்குக்கு வேண்டியது தொடர் திறன். வீட்டுச் செட்டுகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போடும் எண்ணைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

சிறிய பெருக்கி என்றால் ஆபத்தில்லை என்பதும் தவறு. கொள்ளளவுக்கு மேல் வேலை வாங்கினால் பெருக்கி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. முன்சொன்ன 100 வாட் பெருக்கியில் அலையின் உச்சம் 40 வோல்ட். முற்றிலும் வெட்டுண்டு சதுர அலையாகிவிட்டால் அதே 40 வோல்ட் 8 ஓமில் 200 வாட்டைத் தரும்! சாதாரண இசையில் உச்சங்களுக்கிடையே சுருள் சற்றே ஆறும். வெட்டுண்ட இசையில் அந்த ஓய்வும் இல்லை. இதனால் பெட்டியிலுள்ள சிறிய டுவீட்டர் முதலில் பலியாவதுண்டு. கரகரப்புக் கேட்டவுடன் குமிழைக் குறைப்பதே அறிவுடைமை.

நடைமுறையில் கொள்ள வேண்டியவை

பெருக்கியின் திறன், அதே ஓமில், பெட்டியின் தொடர் திறனுக்குச் சமமாக இருக்கட்டும். பழகிய கைகள் இரு மடங்கு வரை போவார்கள். பாஸுக்குச் சமமே நல்லது. பாஸ் குமிழால் 10 டெசிபெல் ஏற்றுவது அந்த அதிர்வெண்களில் 10 மடங்கு திறன் கேட்பதாகும் என்பதை மறவாதீர்கள். பயன்படாத அடித்தாழ் அதிர்வெண்களை வடிகட்டியால் நீக்கிவிடுவது கூம்பைக் காக்கும்.

கம்பியையும் கவனியுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 மீட்டர் தள்ளிப் பெட்டி வைத்தால், போகவர 60 மீட்டருக்குக் கம்பியின் தடை மட்டும் சுமார் 1 ஓம். 4 ஓம் பெட்டிக்கு அனுப்பும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடும்.

குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் இணைப்பு வேறு வகை. அங்கே ஒவ்வொரு குழாயிலும் மின்மாற்றி உண்டு. குழாய்களின் வாட்டைக் கூட்டினால் பெருக்கியின் வாட்டுக்கு மிகாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த முனைகளில் 8 ஓம் பெட்டியை நேராக இணைப்பது 1,250 வாட் கேட்பதாகும். விளைவை நீங்களே ஊகிக்கலாம்.

அப்படியானால் ஒலி கூட வேண்டுமே என்பீர்கள். திறனை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு திறன் வேண்டும். எனவே பெருக்கியை வதைப்பதைவிடப் பெட்டியைக் கேட்போருக்கு அருகே வைப்பது மேல். தொலைவு பாதியானால், திறந்தவெளியில் 6 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கும்.

கடைசியாக, ஸ்பீக்கருக்கு மட்டுமா எல்லை? காதுக்கும் உண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது மருத்துவ வல்லுநர் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது கால் மணி நேரமே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. கருகிய சுருளைப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். செவியினுள் அழிந்த நுண்மயிர் அணுக்களை மீண்டும் வளர்க்க இன்றுவரை வழியில்லை. மேடையருகே தோளில் குழந்தையோடு நிற்பவரை நினைத்து அந்தக் குமிழைத் தொடுங்கள்.