பெயின்ட் டப்பாவைக் கீழ வைங்க பாஸ்!

உங்க வீட்டுத் தோட்டத்துச் சுவரைக் கடைசியா எப்ப நின்னு பார்த்தீங்க? கரிக்கட்டையால ஸ்டம்ப் வரைஞ்சப்பவா? இப்ப ஒரு நடை போய்ப் பாருங்க. பாசி படிஞ்சு, பூச்சு பொரிஞ்சு, உச்சியில ஒரு அரசங்கன்று ‘என்னா?’ன்னு எட்டிப் பார்க்கும். ‘ஒரு கோட் பெயின்ட் அடிச்சா ஜம்முனு ஆயிடும்’னு தோணுதுல்ல? எனக்கும் தோணுச்சு. அங்கதான் ஏழரை ஆரம்பம்!

தேவகோட்டைப் பக்கம் எங்க அப்பத்தா வீடு. தோட்டத்தைச் சுத்தி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமா கட்டின ஆறடிச் சுவர். சித்தப்பா பொண்ணு கல்யாணம் வந்துச்சு. நான் சிவில் மூணாவது வருஷம். கேட்கணுமா? பொரிஞ்ச இடத்துல எல்லாம் சிமென்ட்டை அப்பி, மேல மாம்பழ கலர் எமல்ஷன் அடிச்சேன். கல்யாண ஆல்பத்துல சுவர் சூப்பர். ஐப்பசி மழை முடிஞ்சதும் பார்த்தா, பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி, சிமென்ட் பாளம் பாளமா கழண்டு விழுது. “இன்ஜினியரு அடிச்ச பெயின்ட்டு அப்பளமா பொரியுது பாரு”னு அப்பத்தா தெருவுக்கே சொல்லிட்டாங்க.

விஷயம் இதுதான். பழைய செங்கல் சுவர் மண்ணுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேல ஏத்தும். நம்ம ஊர்ல ‘ஓதம்’னு சொல்றது இதைத்தான். தண்ணியோட உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சுல நுண்ணிய துளைகள் நிறைய. அதனால ஈரம் ஆவியாகி வெளிய போயிடும். நான் என்ன பண்ணேன்? சிமென்ட்டும் எமல்ஷனும் போட்டு வாசலை அடைச்சேன். உள்ள மாட்டின உப்பு பூச்சுக்குப் பின்னாடியே படிகமா வளர்ந்து, மொத்தத்தையும் தள்ளி விட்டுடுச்சு.

சரி பண்ண, அந்தக் காலத்துக் காரை வேலை தெரிஞ்ச கொத்தனார் தாத்தா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். வந்தவர் பூச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கல. வெளிய சந்துக்குப் போய், சுவர் உச்சியிலேர்ந்து தூக்குக்குண்டைத் தொங்க விட்டார். கிழக்கு மூலையில நூலுக்கும் சுவரோட அடிக்கும் நடுவுல ரெண்டேகால் இன்ச் இடைவெளி! “பாப்பா, சுவரு தெருவப் பாத்து சாயுது. நீங்க பவுடர் போட்டு விட்ருக்கீக”ன்னார். மானம் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது இன்ச் கனமுள்ள சுவர், உச்சியில மூணு இன்ச்சுக்கு மேல சாய்ஞ்சாலே போதும், எடை விழற கோடு நடு மூணுல ஒரு பங்கைத் தாண்டிடும். அடியில ஒரு பக்கம் பிரிஞ்சுக்கப் பார்க்கும். சுவரோட சொந்த எடைக்கே இந்தக் கதி. எங்க சுவருக்கு உள்பக்கம் ரெண்டரை அடிக்கு மண் மேடு வேற. மழையில ஊறின மண்ணு தள்ளுற தள்ளு இருக்கே... அந்தச் சந்துலதான் காலையில பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க. 2019 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூர்ல, மழையில ஒரு காம்பவுண்ட் சுவர் வீடுகள் மேல விழுந்து 17 பேர் செத்துப் போனாங்க. அன்னிக்கு டி.வி-யில பார்த்தது ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் மாம்பழ கலரைப் பத்தி நான் வாயைத் திறக்கல.

மண்ணை எடுக்கணும்னதும் அப்பத்தா ஒத்துக்கல. அந்த மேட்டுல இருக்கிறது தாத்தா வச்ச மல்லிகைச் செடிகள். மூணு. “அவரு கையால வச்சது, நா இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்”னுட்டாங்க. ரெண்டு நாள் யாரும் பேசல. மூணாம் நாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டு பசங்க அந்தச் சுவர்ல பந்து எறிஞ்சு விளையாடிட்டு இருந்தாங்க. திண்ணையிலேர்ந்து பார்த்துட்டே இருந்தவங்க, தானா எந்திரிச்சு மண்வெட்டியை எடுத்துக் குடுத்தாங்க.

செடிகளை வேர்மண்ணோட கிணத்தடிக்கு மாத்தினோம். மேட்டை வழிச்சோம். சாய்ஞ்ச மூலையைப் பிரிச்சு, அதே செங்கல்லை வச்சு நேரா கட்டினார் தாத்தா. சாய்வை நிமிர்த்தறது, பிரிச்சுக் கட்டறது எல்லாம் நீங்களா ட்ரை பண்ணாதீங்க, ப்ளீஸ்.

அழகு பண்றது அதுக்கப்புறம்தான். இதை நீங்களே செய்யலாம், செம ஜாலி. அரசங்கன்றை மேலோட கிள்ளினா மறுபடி துளிர்க்கும், வேரோட எடுக்கணும். பாசியையும் உப்பையும் நல்லா காய்ஞ்ச நாள்ல கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுடுங்க. உப்பைத் தண்ணி விட்டுக் கழுவினா திரும்ப உள்ளேயே போயிடும். சந்துகளை ஒரு பங்கு சுண்ணாம்பு, மூணு பங்கு மணல் கலந்து அடைங்க. சுவர் உச்சியைக் கொஞ்சம் சரிவா பூசிட்டா மழைத்தண்ணி தேங்காது.

அப்புறம் வெள்ளையடிப்பு. கல் சுண்ணாம்பைத் தண்ணியில போட்டா கொதிக்கும் பாருங்க, சோறு வடிக்கிற மாதிரி! கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கிளவுஸ் இல்லாம கிட்ட போகாதீங்க. சுண்ணாம்பைத்தான் தண்ணிக்குள்ள போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியை ஊத்தக் கூடாது. ஆறினதும் துணியில வடிகட்டி, ரெண்டு சொட்டு நீலம் விட்டு, சுவரை நனைச்சுட்டு, மட்டையால மோர் பதத்துல மெல்லிசா மூணு தடவை அடிங்க. அடிக்கிறப்போ ஒண்ணுமே தெரியாது. ‘ஏமாந்துட்டோமோ’ன்னு இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு அது மறுபடி கல்லா மாறுற வேலை அது. கலர் வேணும்னா காவிப்பொடி கலந்துக்கலாம். கொடி விடணும்னா சுவர்ல நேரா ஏத்தாம, ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டி வச்சு சங்குப்பூ விடுங்க.

எங்க சுவர் இன்னும் அடியில ஒரு முழத்துக்கு லேசா ஓதம் காட்டுது. வருஷா வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கணுமாம். மூணு மல்லிகையில ஒண்ணு பட்டுப்போச்சு. மத்த ரெண்டும் கிணத்தடியில பிடிச்சுக்கிச்சு. போன வாரம் போனப்போ அப்பத்தா தலையில பூ இருந்துச்சு. எதுலேர்ந்துன்னு நான் கேட்கல.