12 பேருக்கு வீடு, 50 பேருக்குத் தளம்: நிலவுக்குப் பின் போட்ட திட்டம் என்னவானது?

மனிதன் நிலவில் கால் பதித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1969 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனிடம் ஓர் அறிக்கை வழங்கப்பட்டது. துணை அதிபர் ஸ்பிரோ அக்னியூ தலைமையிலான குழு தயாரித்தது அது. நிலவுக்குப் போய் வந்தாயிற்று, அடுத்து என்ன என்பதுதான் குழுவின் முன் இருந்த கேள்வி.

அறிக்கையின் வேகமான அட்டவணைப்படி, 1970களின் நடுப்பகுதியில் 12 பேர் தங்கும் விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றத் தொடங்கும். 1980இல் அது 50 பேர் தங்கும் தளமாகும். அடுத்த சில ஆண்டுகளில் 100 பேருக்கு இடம் இருக்கும். ஆட்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்க, மீண்டும் மீண்டும் பறக்கும் விண்வெளி ஓடம் கட்டப்படும். அதன்பின் செவ்வாய்ப் பயணம்.

நிலையம் எதற்கு?

அதுவரை எவரும் 14 நாள்களுக்கு மேல் விண்வெளியில் இருந்ததில்லை. செவ்வாய்க்குப் போகப் பல மாதங்கள் ஆகும். எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் இதயமும் அவ்வளவு காலம் தாங்குமா? இதை அறிய, பூமிக்கு அருகிலேயே நீண்ட நாள் தங்கிப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது.

நிலவுக்கு ஆளை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டால் 100 டன்னுக்கும் அதிகமான எடையைச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற முடியும். ஏறத்தாழ 10 மீட்டர் அகலமுள்ள நிலையத்தை ஒரே தடவையில் அனுப்பிவிடலாம் என நாசா பொறியாளர்கள் கணக்குப் போட்டனர்.

பணம் சுருங்கியது

ஆனால், வியட்னாம் போர் ஒரு பக்கம், உள்நாட்டுத் தேவைகள் மறுபக்கம். 1966இல் அமெரிக்க அரசின் செலவில் 4 விழுக்காட்டுக்கும் அதிகமாகப் பெற்ற நாசாவின் பங்கு, 1970இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கடைசி மூன்று அப்போலோ பயணங்கள் ரத்தாயின. சாட்டர்ன் 5 தயாரிப்பும் நின்றது.

1972 ஜனவரியில் நிக்சன் விண்வெளி ஓடத்திற்கு மட்டும் ஒப்புதல் தந்தார். கிடங்கு கட்டாமல் லோரி மட்டும் வாங்கிய கதை இது. ஓடத்தின் சரக்கு அறை 4.5 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம். இனி நிலையம் கட்டினாலும், அந்த அறைக்குள் அடங்கும் துண்டுகளாகத்தான் கட்டவேண்டும் என்றாகிவிட்டது.

முந்திய சோவியத்

நிலவுப் போட்டியில் தோற்ற சோவியத் யூனியன், 1971 ஏப்ரல் 19இல் சல்யூட் 1 என்ற உலகின் முதல் விண்வெளி நிலையத்தை ஏவியது. டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் ஆகிய மூவர் அங்கு மூன்று வாரத்திற்கும் மேல் தங்கிச் சாதனை படைத்தனர்.

திரும்பும் வழியில் கலத்தின் ஒரு வால்வு எதிர்பாராமல் திறந்து, உள்ளிருந்த காற்று வெளியேறியது. மூவர் நெருக்கி அமர்ந்த அந்தச் சிறிய கலத்தில் அழுத்த உடை அணிய இடமில்லை. கலம் பத்திரமாகத் தரையிறங்கியது. மீட்கப் போனவர்கள் கதவைத் திறந்தபோது மூவரும் உயிரோடு இல்லை. அதன்பின் பல ஆண்டுகள் அக்கலத்தில் இருவர் மட்டுமே, அழுத்த உடையுடன் பறந்தனர்.

மிச்சத்தில் பிறந்த ஸ்கைலாப்

அமெரிக்கா, மிச்சமிருந்த சாட்டர்ன் ராக்கெட்டின் ஒரு பகுதியையே வீடாக மாற்றியது. 1973 மே 14இல் பறந்த ஸ்கைலாப், ஏவும்போதே வெப்பக் கவசத்தையும் ஒரு சூரியத் தகட்டையும் இழந்தது. முதலில் சென்ற மூவர், குடைபோல விரியும் துணியால் நிழல் அமைத்து அதைக் காப்பாற்றினர். கடைசிக் குழு 84 நாள் தங்கியது. மனித உடல் தாங்கும் என்பதற்கு அது பெரிய சான்றானது. ஆள் இல்லாமல் சுற்றிய ஸ்கைலாப், 1979 ஜூலையில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது.

துண்டு துண்டாகக் கட்டும் அனைத்துலக விண்வெளி நிலையப் பணி 1998இல்தான் தொடங்கியது. 2007 அக்டோபரில் மலேசியாவின் டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் சென்று வந்தது அங்குதான்.

இன்று அந்த நிலையத்தில் வழக்கமாகத் தங்குவோர் 7 பேர்; சீனாவின் தியான்கோங் நிலையத்தில் 3 பேர். இரண்டையும் கூட்டினால் 10. நிலவைத் தொட்ட சூட்டில் 1970களுக்கே போட்ட திட்டத்தின் முதல் படி, 12 பேர்.