உங்களுக்குத் தெரியுமா? நெட்டியில் முறிவது எலும்பு இல்லை!

விரலில் நெட்டி முறித்தால் ‘படக்’கென்று கேட்கிறதே, அது எலும்போடு எலும்பு மோதும் சத்தமல்ல. எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு வழுவழுப்பாக மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை. அதற்குள் முட்டை வெள்ளைக்கரு போன்ற கொழகொழத் திரவம். விரலை இழுத்ததும் உள்ளே இடம் விரிந்து அழுத்தம் சட்டென்று குறைகிறது, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. குமிழ் உண்டாகும்போதே சத்தம் வருகிறது என்று 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எம்.ஆர்.ஐ. படத்தோடு சொன்னார்கள். குமிழ் சுருங்கும்போதுதான் என்பது எதிர்க்கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை! வாயு மறுபடி கரைய நேரம் பிடிப்பதால், அதே விரலில் அடுத்த நெட்டிக்குச் சுமார் 20 நிமிடம் ஆகும்.

“முறிக்காதே, மூட்டுவாதம் வரும்” என்ற அதட்டல் அமெரிக்காவிலும் உண்டு. அம்மாவும் அத்தைமாரும் அப்படி மிரட்டியதைச் சோதித்துப் பார்க்க, டொனால்ட் அங்கர் என்ற டாக்டர் 50 ஆண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்தார். 1998இல் முடிவை எழுதினார்: இரண்டு கையிலும் வாதம் இல்லை. ஒரே ஆள் செய்த சோதனைதான். ஆனாலும் 2009இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வலியோ வீக்கமோ சேர்ந்து வரும் சத்தம் வேறு ரகம், அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.